பொசிஷன் என்ற கட்டத்தில் நான் எழுதியது

பிள்ளைகளா, உங்கள் மாமா பொங்கலுக்கு வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒன் டவுன் மாமா இருக்காரா?" என்று கேட்பதும், உங்கள் அம்மா அடுப்படியில் நின்று சிரிப்பதும், நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வதும் உங்களுக்குத் தெரியும். ஏன் என்று இரண்டு பேரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். அம்மா சொன்ன கதையில் நான் முட்டாள். மாமா சொன்ன கதையில் அதைவிடப் பெரிய முட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்தக் கூடாது.

அப்போது பெரியவள் எல்.கே.ஜி. சின்னவன் அம்மா வயிற்றில் ஐந்து மாசம். நாம் இதே செம்மண்டலம் வீட்டில்தான் இருந்தோம். நான் டப்பா கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் ஹெல்பர். போர்டில் கம்பெனிக்கு நீளமான பேர் ஒன்று உண்டு, ஆனால் கடலூரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெயிண்ட் டப்பா, எண்ணெய் டப்பா செய்கிற இடம், அதனால் டப்பா கம்பெனி.

வேலை காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட் என்றால் பதினோரு மாசம். பன்னிரண்டு ஆனால் வருஷக் கணக்கு வந்துவிடும், நாங்கள் ஏதாவது உரிமை கேட்டுவிடுவோம் என்று பயம் போலிருக்கிறது. பதினோரு மாசம் முடிகிற நேரத்தில் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். அதை நிரப்பிக் கொடுத்தால் சென்னை ஹெட் ஆபீசில் பார்த்துவிட்டு எக்ஸ்டென்ஷன் கொடுப்பார்கள், அல்லது கொடுக்க மாட்டார்கள். கொடுக்காவிட்டால் அன்றோடு கம்பெனியின் மருத்துவ அட்டையும் செத்துவிடும். அந்த அட்டையை நம்பித்தான் அம்மாவின் பிரசவத்தை ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருந்தோம். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வேலைக்கு நான் சேர்ந்ததே கிரிக்கெட்டால்தான். மஞ்சக்குப்பம் மைதானத்தில் நான் ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மேனேஜர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குக் கிரிக்கெட் பைத்தியம். கம்பெனிகளும் கடைகளும் சேர்ந்து நடத்துகிற போட்டியில் சிதம்பரம் கடைத்தெரு டீம் வருஷா வருஷம் எங்கள் கம்பெனி டீமைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். மறுநாள் கூப்பிட்டனுப்பினார். போனேன். "டப்பா அடுக்கத் தெரியுமான்னு நான் கேக்கல, அத யாரு வேணா செய்வாங்க. நீ எங்க எறங்குவ?" என்றார்.

"ஒன் டவுன் சார்," என்றேன்.

சின்னவனுக்காகச் சொல்கிறேன். முதலில் இரண்டு பேர் மட்டையோடு இறங்குவார்கள். அதில் ஒருத்தர் அவுட் ஆனதும் அடுத்து போகிறவன் ஒன் டவுன். மூன்றாவது ஆள். டீமிலேயே நன்றாக ஆடுகிறவனுக்குத்தான் அந்த இடம் என்று ஒரு மரியாதை உண்டு. செம்மண்டலம் டீமில் எட்டு வருஷம் அந்த மரியாதை எனக்குத்தான் இருந்தது. நன்றாக ஆடினேனா என்பது வேறு. கார்க் பந்துக்குக் காலில் பேடு கட்டாமல் நிற்க முடியாது. டீமில் இருந்த இரண்டு ஜோடி பேடில் ஒரு ஜோடி என்னுடையது. மூன்றாவதாக இறக்கிவிடவில்லை என்றால் பேடை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேனோ என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம். நான் போயிருக்க மாட்டேன். ஆனால் அப்படிச் சொல்லவும் இல்லை.

உங்கள் அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. புவனகிரியில் அவள் வீட்டில் தம்பி ஒருத்தன் ஆடுவதைப் பார்த்ததோடு சரி. அந்தத் தம்பிதான் உங்கள் மாமா. கல்யாணமான புதிதில் என்னோடு மைதானத்துக்கு வந்து நாலு மேட்ச் பார்த்தாள். நாலாவது மேட்ச் முடிந்து வரும்போது சொன்னாள்: "நீங்க காலுக்குக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கும்போதே அவுட்டாயிடுறீங்க. அப்புறம் சும்மா ஒரு தடவ உள்ள போயிட்டு வர்றீங்க." உண்மைதான். பேடைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எனக்கு ஆகாது. தண்ணீர் குடிப்பேன். வாரை அவிழ்த்துக் கட்டுவேன். வேப்பமரத்துப் பின்னால் ஒதுங்கிவிட்டு வருவேன். திரும்பத் தண்ணீர் குடிப்பேன். உள்ளே போகும்போது கை வழுக்கும்.

பெரியவளுக்குத் தடுப்பூசி போட்ட ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மைதானத்துக்கு ஓடி, தாமதமாகப் போனதால் ஆறாவதாக இறங்கினேன். நாற்பத்தேழு அடித்தேன். அதைக் கேட்டதும் அம்மா, "அதாங்க உங்க எடம்," என்றாள். அது அதிர்ஷ்டம் என்று நான் வாதாடினேன். ஆறாவது ஆள் என்று வெளியே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம்.

இனி ஃபாரத்துக்கு வருகிறேன். அது முழுக்க இங்கிலீஷ். முந்தைய தடவை ஆபீஸ் மேடம் நிரப்பித் தந்தார்கள். இந்த முறை அவர்கள் லீவில் போயிருந்தார்கள். தப்பு வந்துவிடக் கூடாது என்று ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பென்சிலில் எழுதிப் பார்த்தேன். பேர், அப்பா பேர், விலாசம் வரைக்கும் சிக்கலில்லை. அடுத்த கட்டத்தில் 'பொசிஷன்' என்று இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அதில் ஒருவரிடம் கேட்டேன். அவர் வேறு யாருக்கோ பட்டா மனு எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பொசிஷன்னா நீ எந்த எடத்துல நிக்கிறன்னு எழுதணும்ப்பா," என்றார்.

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். கம்பெனி என்னை எடுத்தது ஆட்டத்துக்கு. மேனேஜர் முதல் நாள் கேட்ட கேள்வியும் இதே கேள்விதான். அதனால் இங்கிலீஷில் பெரிய எழுத்தில், அழகாக, 'ஒன் டவுன்' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'எக்ஸ்பீரியன்ஸ்' என்று ஒரு கட்டம். 'செம்மண்டலம், 8 வருஷம்' என்று எழுதினேன். பென்சிலில் எழுதியதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவில் எழுதினேன். தப்பைக்கூட நான் அவசரப்பட்டுச் செய்யவில்லை.

ஒரு மாசம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு கடிதம். முதல் கடிதம், பேக்கிங் ஹெல்பர்கள் ஐந்து பேரைப் பற்றியது. ஹெல்பர் ஜாஸ்தியாக இருப்பதாகத் தெரிகிறது, நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு, அதுவரை எக்ஸ்டென்ஷன் நிறுத்தம் என்று இருந்தது. இரண்டாவது கடிதம் என்னுடையது. பதினோரு மாசம் எக்ஸ்டென்ஷன். பொசிஷன், ஒன் டவுன்.

"ஃபாரத்துல இன்னா எழுதுன?" என்று கேட்டார்.

"பொசிஷன்னு கேட்டிருந்துது சார்," என்றேன்.

அவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார். அப்புறம்தான் விவரம் சொன்னார். ஹெட் ஆபீசிலிருந்து போன் செய்து, ஒன் டவுன் என்றால் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிதம்பரத்தோடு மேட்ச் வருகிற நேரத்தில் என்னை இழக்க அவருக்கு மனசில்லை. "சூப்பர்வைசருக்கு ஒரு படி கீழ சார், அதான் ஒன் டவுன்" என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு போஸ்ட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். "கடலூர்ல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார். செம்மண்டலம் என்பது ஏதோ பழைய கம்பெனி என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

"போனது போவட்டும். யாராச்சும் கேட்டா வாயத் தொறக்காத," என்று அனுப்பிவிட்டார்.

கடிதத்தைப் பார்த்த சூப்பர்வைசர், தனக்கு ஒரு படி கீழே இருப்பவன் நின்றுகொண்டிருந்தால் தனக்குத்தான் மரியாதைக் குறைவு என்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். எங்கள் செக்ஷனில் ஹெல்பர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மற்ற ஐந்து பேரும் என்னைச் சும்மா விடுவார்களா? ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவான் ஒருத்தன். "ஒன் டவுன் சார், இத இங்க வெக்கட்டுமா, அங்க வெக்கட்டுமா?" என்று கை கட்டிக் கேட்பான். டப்பா கீழே விழும். நான் அந்த நாற்காலியில் என் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு எப்போதும்போல நின்றுதான் வேலை செய்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "அவுங்க அஞ்சு பேருக்கும் வரலியா?" என்றாள். வரவில்லை என்றேன். "தெரிஞ்சா நம்பளோடதயும் புடுங்கிடுவாங்களா?" என்றாள். தெரிந்தால்தானே என்று நான் தைரியமாகச் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் சின்னவன் இருந்த இடத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத் தைரியம் அதோடு போயிற்று.

சிதம்பரத்தில் மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை ஹெட் ஆபீஸ் ஆபீசர் எங்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிச் சிதம்பரம் கோயிலில் சாமி கும்பிட வந்துவிட்டார். அவரைத் தனியாக விடவும் முடியாமல், மேட்சை விடவும் முடியாமல், மேனேஜர் அவரை மைதானத்துக்கே அழைத்து வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி, மடியில் பிரசாதப் பை, கண்ணாடி. அதிகம் பேசாத மனுஷன்.

கடைத்தெரு டீமின் வேகப்பந்துக்காரர் உங்கள் மாமாதான். அங்கே மொபைல் கடையில் வேலை. இடது கையால் போடுவார், பந்து உள்ளே திரும்பும், என் காலில் வந்து அடிக்கும். குடும்பத்தோடு போன இடங்களில் விளையாட்டுக்குப் போட்டபோதுகூட என்னை அப்படித்தான் அவுட் ஆக்குவார். அம்மா அன்றைக்குப் புவனகிரியிலிருந்து தம்பியோடு வந்து, அவர்கள் டீம் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் முதலில் ஆடி நூற்றுப் பன்னிரண்டு எடுத்தார்கள். நாங்கள் இறங்கினோம். நான் பேடைக் கட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தேன், வாரை அவிழ்த்துக் கட்டினேன், தண்ணீர் குடித்தேன். இரண்டாவது ஓவரில் மாமாவின் பந்தில் ஸ்டம்ப் பறந்தது. எங்கள் கேப்டன் சூப்பர்வைசர்தான். அவர் அந்தக் கோடியிலிருந்து, "ஒன் டவுன், கெளம்பு" என்று சத்தம் போட்டார்.

ஆபீசர் தலையைத் திருப்பினார்.

"யாரு ஒன் டவுன்?"

"நான்தான் சார்," என்றேன். எழுந்து நின்றுவிட்டேன்.

"பேக்கிங்ல இருக்கறது நீதானா?"

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மேகம்கூட இல்லை, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். ஏதாவது சொல்லி நான் தப்பித்திருக்கலாம். ஆனால் இரண்டு காலிலும் பேடு, தலையில் ஹெல்மெட், கையில் மட்டை. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு நான் சூப்பர்வைசருக்கு ஒரு படி கீழே என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்? மைதானத்துக்கு அந்தப் பக்கம் அம்மா எழுந்து நிற்பது தெரிந்தது.

"சார், ஃபாரத்துல பொசிஷன்னு போட்டிருந்துது. நான் இதன்னு நெனச்சு எழுதிட்டேன்," என்று மட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"செம்மண்டலம், எட்டு வருஷம்?"

"எங்க ஏரியா டீம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி. இப்பவாவது ஒழுங்கா சொல்லு. உன்னோட பொசிஷன் என்ன?"

அட்டை போய்விட்டது, அம்மா எங்கே போவாள், எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது. இனிப் பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. அதனால் எட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"உண்மைய சொன்னா ஆறாவது சார். மூணாவதா எறங்குனா நான் நிக்கவே மாட்டேன். என் வீட்டுக்காரி ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கா."

அவர் கேட்டது வேலையை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர் கையிலிருந்த டீ அவர் பேண்ட்டில் கொட்டியது. அம்பயர் அங்கிருந்து, ஆள் வருமா வராதா என்று கத்துகிறார். ஆபீசர் சிரிக்கவில்லை. கேப்டனைப் பார்த்து, "வேற ஆள அனுப்புங்க. இவன் ஆறாவதா போவட்டும்," என்றார். என்னைப் பார்த்து, "அத கழட்டிட்டு இங்க வந்து ஒக்காரு," என்றார்.

பேடைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேக்கிங்கைப் பற்றிக் கேட்டார். கடலூர் பெட்டிகள் மட்டும் ஏன் வழியிலேயே வாய் பிளந்துகொள்கின்றன என்று கேட்டார். அது எனக்குத் தெரியும். கடல் காற்றில் அட்டைப்பெட்டி ஈரம் இழுத்துக்கொள்ளும், ஈரத்தின்மேல் டேப் பிடிக்காது. நான் மட்டும் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஒட்டுவேன். அப்புறம் ஒடுக்கு விழுந்த டப்பாவை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றார். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை சார், இரண்டு டப்பாவை மோதினால் நல்லது கணீர் என்னும், கெட்டது சொத்தென்னும், எங்கள் ஆறு பேருக்குமே அந்தக் காது உண்டு என்றேன். பிரசாதப் பையிலிருந்து ஒரு கை பொங்கல் எடுத்துக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, டேப்பைக் குறுக்கே ஒட்டுவதா நீளவாக்கில் ஒட்டுவதா என்று தரையில் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது நாலாவது விக்கெட் விழுந்தது. கையை அவர் வேட்டியிலா துடைக்க முடியும், என் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அவசரமாகப் பேடைக் கட்டி ஓடினேன். தண்ணீர் குடிக்க நேரமில்லை.

மாமா பந்தைத் தேய்த்துக்கொண்டே காத்திருந்தார். "இன்னா மாமா, எங்க அக்காளுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டு வர்றீங்களா?" என்றார்.

"டேப் ஒட்டிட்டு வர்றேன் மச்சான்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு இன்னும் அந்த டேப் நினைப்புதான். முதல் பந்து உள்ளே வந்தது. பயப்பட மறந்துபோய் ஒரு சாத்து சாத்தினேன். எல்லைக்கு வெளியே டீக்கடைக்காரர் குடை ஒன்று விரித்து வைத்திருந்தார், அதில் போய் விழுந்தது. அம்மா கை தட்டினாள். மாமா திரும்பி, "நீ எந்த டீமு?" என்று அவளைக் கேட்டார். "யாரு அடிச்சாலும் தட்டுவேன், யாரு போட்டாலும் தட்டுவேன்," என்றாள் அவள்.

முப்பத்தெட்டு அடித்து அவுட் ஆகாமல் நின்றேன். நாலு ரன்னில் தோற்றோம். மேனேஜர் அன்றைக்கும் தூங்கியிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை ஆபீசர் வந்து நாள் முழுக்க பேக்கிங் செக்ஷனிலேயே நின்றார். கண்ணை மூடிக்கொண்டு டப்பா தட்டிப் பார்த்தார், எங்களையும் தட்டச் சொன்னார். யாரும் சொல்லாமலே சூப்பர்வைசர் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். என் கடிதத்தை ரத்து செய்துவிட்டதாகவும், ஆறு பேருக்கும் சேர்த்து முடிவு வரும் என்றும் ஆபீசர் போகும்போது சொன்னார்.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு வந்தது. ஹெல்பர், பேக்கிங், ஆறு பேர், ஆறு மாசம். பதினொன்று கேட்ட இடத்தில் ஆறு. அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். டாக்டர் சொன்ன தேதி அதற்குள் வந்துவிட்டது. "போதும்," என்றாள். சின்னவனே, நீ அந்த அட்டையில் பிறந்தவன்தான்.

மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கடையில் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்: "ஆறாவதா எறங்குனீங்க, ஆறு மாசம் குடுத்துட்டாங்க. பதினொண்ணாவதா எறங்கியிருந்தா பதினோரு மாசம் குடுத்திருப்பாங்களே மாமா."

இதுவரைக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரியும். இதற்கு மேல் இருப்பது உங்களுக்கு மட்டும்.

அந்த ஆறு மாசம் முடிகிறபோது திரும்ப ஃபாரம் வந்தது. அம்மா கைக்குழந்தையோடு புவனகிரியில் இருந்தாள், பெரியவளும் அங்கேதான். வீட்டில் நான் ஒருத்தன். காலையில் குளித்துவிட்டு வந்து ஃபாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொசிஷன் என்ற கட்டத்தில் 'பேக்கிங் ஹெல்பர்' என்று பேனாவால் எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது. அப்புறம் பெரியவளின் பென்சிலை எடுத்து, அதே கட்டத்தின் மூலையில், கடுகளவுக்கு, ஆறு என்று எண்ணால் எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரால் அழித்தேன். துகளை ஊதிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தடம் தெரிந்தது. அப்படியே மடித்துக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன்.